நாவலுக்கும் ஒரு குடும்ப அட்டை

வன்னியில் குடும்பம் என்றால் என்ன என்று யாரும் அகராதி பார்ப்பதில்லை. விதானையார் என்று நாங்கள் அழைக்கும் கிராம சேவையாளரிடம் இருக்கும் குடும்ப அட்டையில் யார் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவர்கள் ஒரு குடும்பம். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நிவாரண அரிசி அந்த அட்டைக்குத்தான் நிறுக்கப்பட்டது. மகன் கலியாணம் முடித்தால் "அட்டையைப் பிரிக்க வேணும்" என்று விதானையாரிடம் போவார்கள். தாயில்லாத பிள்ளையை அம்மம்மா வளர்த்தால் பிள்ளையின் பெயர் அவவின் அட்டையில் ஏறும். இரத்தம் ஒரு கணக்கு, உலை இன்னொரு கணக்கு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் அதே ஆட்கள் 19ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றைக் கையில் எடுத்ததும் இந்த அறிவைப் படலையிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற பாடப்புத்தகப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, இந்தத் தாய் ஏன் இப்படி, இந்தத் தகப்பன் ஏன் இப்படி என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். உயர்தர மாணவர்களும் வாசிகசாலை வாசகர்களும் வழக்கமாகத் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பழைய நாவல்களில் பிள்ளையைப் பெற்றவர் ஒருவர், சோறு போட்டவர் இன்னொருவர், காசு கொடுத்தவர் வேறொருவர், கையால் தூக்கி வளர்த்தவர் நாலாவது ஆள். இந்த நால்வரையும் பிரித்தறிந்த பிறகுதான் அந்தப் பிள்ளையின் கதை பிடிபடும்.

தோல்ஸ்தோயின் 'அன்னா கரீனினா' 1878இல் நூலாக வந்தது. மகிழ்ச்சியான குடும்பங்களைப் பற்றிய அதன் முதல் வரியை எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். அடுத்த பந்தியை யாரும் தொடுவதில்லை. ஒப்லோன்ஸ்கி வீட்டில், புருசனுக்கும் முன்பு பிள்ளைகளுக்குப் படிப்பித்த பிரெஞ்சுக்காரிக்கும் இருந்த தொடர்பு மனைவி டொலிக்குத் தெரிந்துவிட்டது. சண்டை தொடங்கி மூன்றாம் நாள். தோல்ஸ்தோய் அங்கே கண்ணீரைக் காட்டவில்லை. பிள்ளைகள் கேட்பாரில்லாமல் வீடெல்லாம் ஓடித்திரிகிறார்கள். ஆங்கிலேய ஆசிரியை வீட்டு மேற்பார்வைக்காரியோடு கொழுவிக்கொண்டு, வேறு இடம் தேடித்தரும்படி சிநேகிதிக்கு எழுதுகிறாள். சமையற்காரன் முதல்நாள் சாப்பாட்டு நேரத்திலேயே வெளிக்கிட்டுவிட்டான். குசினி வேலைக்காரியும் வண்டிக்காரனும் நின்றுவிடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். குலைந்தது ஒரு கலியாணம், ஆனால் அதை எழுத்தாளர் அடுப்பில்தான் காட்டுகிறார். இந்தப் பந்தியை வாசிக்கத் தெரிந்தால் மிச்சம் 800 பக்கத்தையும் வாசிக்கலாம்.

அட்டை போடும் முறை

வாசிக்கும் நாவலின் வீட்டுக்கும் இப்படி ஒரு அட்டை போடலாம். ஒரு கொப்பியில் நடுத்தாளை விரித்து எடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனையால் எழுதினால் ஐந்தாம் அத்தியாயத்திலேயே வெட்டித் திருத்த வேண்டிவரும். ஏழு நிரல் போதும்: பெயர், பிள்ளைக்கு என்ன முறை, வயது, எந்த உலை (யாருடைய அடுப்பில் சாப்பாடு), எங்கே படுக்கை, கையில் வரும் காசு அல்லது காணி, கடைசியாக, பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் கண்டால் எழும்புகிறவர் யார். கதையில் முக்கியமான பிள்ளையை முதல் வரியில் போடுங்கள். மற்ற எல்லாரையும் அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்து முறை எழுதுங்கள். வீட்டுத் தலைவனிலிருந்து தொடங்கினால் வேலைக்காரரும் அண்டி இருப்பவர்களும் விடுபட்டுப் போவார்கள், கதையோ பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.

முதல் மூன்று அத்தியாயம் வாசிக்கும்வரை எதையும் எழுத வேண்டாம். பிறகு பின்னோக்கிப் புரட்டி நிரப்புங்கள். யாராவது செத்தால், வந்தால், போனால், கலியாணம் முடித்தால் அட்டையில் கை வைக்க வேண்டும். செத்தவரை அழிக்காமல் பெயருக்குமேல் ஒரு கோடு மட்டும் போடுங்கள். கதை தொடங்குமுன் செத்துப்போன பிள்ளைகளையும் பதிய வேண்டும். டொலியைத் தோல்ஸ்தோய் அறிமுகப்படுத்தும்போதே உயிரோடிருக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் இறந்துபோன இரண்டு பிள்ளைகளுக்கும் தாய் என்கிறார். ஐந்து என்று மட்டும் எழுதிய வாசகருக்கு அவளுடைய களைப்பு பாதிதான் விளங்கும்.

ஒரு மாதிரிக்கு டிக்கென்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை எடுப்போம். 1860 டிசம்பரிலிருந்து 1861 வரை வாராவாரம் தொடராக வந்தது. முதல் வரி: பிப், ஏழு வயது மட்டில். தாய் தகப்பன் இருவரும் கல்லறையில். பக்கத்தில் ஒன்றரை அடி நீளத்தில் ஐந்து சின்னக் கற்கள், ஐந்து சகோதரர்கள். ஆக அட்டையில் முதலில் ஏழு பெயருக்குமேல் கோடு விழுகிறது. உயிரோடிருப்பது அக்கா, பிப்பைவிட 20 வயதுக்கு மேல் மூத்தவள். அவளுடைய புருசன் ஜோ, கொல்லன். எங்கள் முறையில் அத்தான். உலை ஒன்று, காசு ஜோவின் பட்டறையிலிருந்து, அதிகாரம் முழுக்க அக்காவிடம்.

அக்கா பிப்பை 'கையால் வளர்த்தவள்' என்று ஊரில் பெயர் வாங்கி வைத்திருக்கிறாள். ஆங்கிலத்தில் அந்தச் சொற்றொடருக்கு ஒரு வீட்டுப் பொருள் உண்டு: தாய்ப்பாலோ பாலூட்டும் தாதியோ இல்லாமல், கரண்டியாலும் போத்தலாலும் மாட்டுப்பாலோ பாணைக் கரைத்த கூழோ ஊட்டி வளர்த்தது. அந்தக் காலத்தில் அப்படி ஊட்டப்பட்ட குழந்தைகள் நிறையச் செத்தன, ஆகவே பிழைக்க வைத்தது சின்னக் காரியமல்ல. ஆனால் பிப் அந்தச் சொல்லைத் தனக்கும் ஜோவுக்கும் விழும் அடி என்றே விளங்கிக்கொள்கிறான். தமிழில் 'சங்கால் பருக்கி வளர்த்தாள்' என்றால் பால் வரும், அடி வராது. 'கைப்பட வளர்த்தாள்' என்று எழுதினால் இரண்டும் கொஞ்சம் ஒட்டும் என்பது எங்கள் எண்ணம்.

இப்போது உலை நிரல். அக்கா பாண் வெட்டும் விதத்தை டிக்கென்ஸ் அளந்து சொல்கிறார். இடக்கையால் பாணை மார்போடு இறுக்கிப் பிடிப்பாள், அவளுடைய ஏப்ரனில் குண்டூசியும் தையலூசியும் குத்தியிருக்கும், சிலவேளை ஊசி பாணுக்குள் போய்ப் பிறகு இவர்கள் வாய்க்குள் வரும். வெண்ணெய் தடவி, துண்டு போட்டு, இரண்டாகப் பிளந்து ஒரு பாதி ஜோவுக்கு, ஒரு பாதி பிப்புக்கு. அந்தப் பாதியைத்தான் பிப் தப்பியோடிய கைதிக்காகக் காற்சட்டைக்குள் ஒளிக்கிறான். துண்டு எண்ணிக் கொடுக்கப்படும் வீட்டில் அரைத் துண்டு காணாமல் போவது பெருங்களவு. உலை நிரலை நிரப்பாத வாசகருக்கு ஒரு துண்டு பாணுக்கு இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் பயந்து சாகிறது என்று தோன்றும்.

பாணை மெல்லாமல் விழுங்கிவிட்டான் என்று நினைத்து அக்கா தார்த்தண்ணீர் பருக்குகிறாள். பைந்து அளவு பிப்புக்கு, அரைப் பைந்து ஜோவுக்கு. புருசனுக்கும் மருந்து! இந்த ஒரு அளவிலிருந்தே அந்த வீட்டில் ஜோவின் இடம் எது என்று எழுதிவிடலாம். பெயருக்கு வீட்டுத் தலைவன், நடைமுறையில் இன்னொரு பிள்ளை. நத்தார் விருந்தில் பெரியவர்கள் எல்லாரும் பிப்பை நோண்டும்போது ஜோ வாய் திறக்காமல் பிப்பின் கோப்பையில் இறைச்சிச் சாற்றை ஊற்றிக்கொண்டே இருக்கிறார். கடைசி நிரலில் யாருடைய பெயர் வரும் என்பதை அந்தச் சாறு சொல்லிவிடுகிறது. ஜோவின் உறவான பம்பில்சூக் மாமா இந்த உலையில் சாப்பிடுகிறவர் அல்ல. வெளியிலிருந்து வந்து புத்தி சொல்லிப் போகிறவர். அவரை அட்டைக்கு வெளியே, விளிம்பில் எழுதுங்கள். பழைய நாவல்களில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி அதிகம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் நிற்பார்கள்.

முறை பிழைத்தால் கதையே பிழைக்கும்

ஏழு நிரலில் தமிழ் வாசகருக்கு அதிகம் வேலை வைப்பது இரண்டாவது. ஆங்கிலத்தில் தாயின் தமக்கையும் தங்கையும் தகப்பனின் சகோதரியும் மாமன் பெண்சாதியும் ஒரே 'ஆன்ட்'. பெரியப்பா பிள்ளையும் மாமா பிள்ளையும் ஒரே 'கசின்'. தமிழில் இவற்றை மொட்டையாக விட முடியாது. பெரியம்மாவா, சின்னம்மாவா, மாமியா என்று தீர்க்காமல் ஒரு வசனம் எழுத இயலாது. 'அத்தை' என்று பொதுவாகப் போட்டுவிட்டுப் போகும் மொழிபெயர்ப்புகளை நம்ப வேண்டாம். நாவலுக்குள்ளே தேடி நீங்களே முறை கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு அத்தியாயத்தில் கிடைத்துவிடும்.

ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) சரியான பயிற்சி. மூன்று சகோதரிகள். மூத்தவள் ஒரு பாதிரியாரைக் கட்டி நோரிஸ் சீமாட்டி ஆகிறாள். நடுவிலாள் சேர் தோமஸ் பெர்ட்ரம் என்ற பணக்காரனைக் கட்டுகிறாள். கடைக்குட்டி வீட்டாரை மீறி மரைன் படை லெப்டினன் ஒருவனைக் கட்டி, ஒன்பதாவது பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் நிலையில் தமக்கைமாருக்கு உதவி கேட்டு எழுதுகிறாள். அவளுடைய மூத்த மகள் ஃபானி பத்து வயதில் பெர்ட்ரம் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். ஆகவே அந்த வீட்டுக்காரி ஃபானிக்குப் பெரியம்மா, நோரிஸ் சீமாட்டியும் பெரியம்மா. அந்த வீட்டு மகன் எட்மண்ட் அவளுக்கு அண்ணன்.

கதையின் முடிவில் ஃபானி எட்மண்டைத்தான் கலியாணம் முடிக்கிறாள்.

தமிழ் வாசகருக்கு இது தூக்கிவாரிப் போடும். போடட்டும். ஆங்கிலேய வழக்கத்தில் பெரியம்மா மகனுக்கும் மாமா மகனுக்கும் வித்தியாசம் இல்லை, சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் அந்த உறுத்தல் வீண்போகாது, ஏனென்றால் ஆஸ்டினே அதைத் தொட்டிருக்கிறார். பிள்ளையைக் கூப்பிடுவதா என்று பேசும்போது சேர் தோமஸ் தன் ஆண்பிள்ளைகளை நினைத்துத் தயங்குகிறார். அதற்கு நோரிஸ் சீமாட்டி, அண்ணன் தங்கை போலச் சேர்ந்து வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணம் வரவே வராது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறாள். வளர்ப்பே முறையை உண்டாக்கும் என்பது அவளுடைய வாதம். அவள் சொல்லும் எல்லாவற்றையும் போலவே அதுவும் பிழைத்துப்போகிறது.

எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) ஆங்கிலேயரையே தலை சுற்ற வைக்கும் குடும்ப மரம். தமிழ் முறை வைத்துப் பார்த்தால் இரண்டே வரியில் தெளிகிறது. இளைய கதரின் முதலில் கட்டும் லின்டன், அவளுடைய தகப்பனின் சகோதரி மகன், அதாவது மாமி மகன். இரண்டாவதாக விரும்பும் ஹேர்ட்டன், தாயின் சகோதரன் மகன், அதாவது மாமன் மகன். இருவருமே அவளுக்கு மச்சான். எங்கள் ஊர்க் கணக்கில் இரண்டும் கட்டத்தக்க முறை. ஷார்லட் பிராண்டேயின் 'ஜேன் ஐயர்' நாவலில் (1847) பத்து வயது ஜேனைச் சிவப்பு அறையில் பூட்டி வைப்பவள் தாய்மாமனின் விதவை. அந்த மாமன் சாகும் தறுவாயில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி பெண்சாதியிடம் வாக்கு வாங்கியவர். தாய்மாமன் கடமை என்னவென்று தெரிந்த வாசகருக்கு அந்த வாக்கின் பாரத்தை விளக்கத் தேவையில்லை.

நற்றாயும் செவிலியும்

பெற்றவளும் வளர்த்தவளும் வேறு என்பதற்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொற்களே இருக்கின்றன. சங்க அகப்பாடல்களில் நற்றாய் பெற்றவள், செவிலித்தாய் வளர்த்தவள், செவிலியின் மகள்தான் தோழி. இந்த மூன்று சொல்லையும் ஐரோப்பிய நாவலுக்குக் கொண்டுபோங்கள், அற்புதமாகப் பொருந்தும்.

'வுதரிங் ஹைட்ஸ்' கதையைச் சொல்லும் நெல்லி டீன் அந்த வீட்டு மகன் ஹிண்ட்லிக்குப் பாலூட்டியவளின் மகள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தவள். ஆகவே அவள் நிற்பது தோழி நிற்கும் இடம்: வீட்டு இரகசியம் எல்லாம் தெரியும், வீட்டு உரிமை ஒன்றும் இல்லை. பிறகு ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டன் தாயை இழந்ததும் அவளே செவிலி ஆகிறாள். ஐந்து வயது ஆகுமுன் அவனுக்கு எழுத்துப் படிப்பிக்கத் தொடங்குகிறாள். ஹிண்ட்லியின் தங்கை, மூத்த கதரின், கலியாணம் முடித்துப் போகும்போது நெல்லியையும் கூட்டிப்போய்விடுகிறார்கள். பத்து மாதம் கழித்து அவள் திரும்பிப் பார்க்க வரும்போது அதே பிள்ளை அவளை யாரென்று தெரியாமல் கல்லெறிந்து தூசணம் பேசுகிறான். பத்தே மாதம். பெற்றவளின் சாவு செய்யாததைச் செவிலியின் போக்கு செய்துவிட்டது. அட்டையில் கடைசி நிரலில் ஒரு பெயர் அழிந்து வேறு பெயர் ஏறாத தேதி அது. நாவலின் இரண்டாம் பாதி முழுக்க அந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சி என்றே சொல்லலாம்.

செவிலி பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தொஸ்தோயெவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' (1880) நாவலில் மூன்று வயதுத் திமித்ரியைத் தகப்பன் அடியோடு மறந்துவிடுகிறான். வீட்டு வேலைக்காரன் கிரிகோரி கவனித்திராவிட்டால் பிள்ளைக்குச் சட்டை மாற்ற ஆள் இருந்திருக்காது என்று ஆசிரியர் எழுதுகிறார். பின்னால் தாயை இழக்கும் மற்ற இரண்டு பிள்ளைகளும் அதே கிரிகோரியின் குடிலுக்குத்தான் வருகிறார்கள். தகப்பனைக் கொன்றது யார் என்று தேடும் நாவலை, பிள்ளைகளுக்குச் சட்டை மாற்றியது யார் என்ற கேள்வியோடும் வாசிக்கலாம்.

எங்களுக்குக் கிட்டிய நிலத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலும் பிறகு அம்பாந்தோட்டையிலும் வெள்ளைக்கார அதிகாரியாக இருந்து 1911இல் திரும்பிப்போன லெனாட் வூல்ஃப், 1913இல் பெத்தகமை என்ற காட்டூரை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இடம் தெற்கு, மக்கள் சிங்களவர். ஆனால் சேனை (காடு வெட்டி எரித்துச் செய்யும் பயிர்), வறட்சி, காய்ச்சல், தலைமைக்காரனுக்குக் கடன் என்று வரும் ஒவ்வொன்றும் வன்னிக் காட்டூர்களில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமானது. வேட்டைக்காரன் சிலிந்துவுக்கு இரட்டைப் பெண்பிள்ளைகள். தாய் பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்துவிடுகிறாள். வளர்ப்பது சிலிந்துவின் சகோதரி கர்லினாஹாமி, முறை மாமி. கொஞ்சம் வளர்ந்ததும் தகப்பன் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போகிறான். கதை சொல்கிறான், காட்டு வழி காட்டுகிறான். ஊர் அந்தப் பெண்பிள்ளைகளை ஒரு மாதிரித்தான் பார்க்கிறது.

அங்கே உலை நிரல் எப்படிக் கதையைத் தள்ளுகிறது என்று கவனியுங்கள். தலைமைக்காரனின் வீட்டில் இருந்து உழைத்துக் கொடுத்தவன் அவனுடைய மைத்துனன் பாபுன். அவன் சிலிந்துவின் மகளை விரும்பி சிலிந்துவின் வளவுக்கே போய்விடுகிறான். ஒரு உழைப்பாளி ஒரு உலையிலிருந்து இன்னொரு உலைக்கு மாறியிருக்கிறான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சேனை வெட்ட அனுமதிச் சீட்டு கிடைக்காது, கடன் கிடைக்காது. இதைச் சாதாரணக் காதல் எதிர்ப்பு என்று வாசித்தால் தலைமைக்காரன் வெறும் வில்லன். உலைக் கணக்காக வாசித்தால், அவன் ஏன் அவ்வளவு பொறுமையாக, சட்டத்துக்குள் நின்றே, பழி வாங்குகிறான் என்பது விளங்கும்.

உலை பிரிவதை நேராக வன்னி மண்ணிலேயே பார்க்க அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) இருக்கிறது. தண்ணிமுறிப்புக் காட்டில் கதிராமன் தகப்பனை மீறிப் பதஞ்சலியோடு தனிக் குடித்தனம் போகிறான். அந்த இடத்தில் மாணவர்கள் காதலை அடிக்கோடிடுகிறார்கள். பென்சிலை எடுத்து இரண்டாவது அட்டை போட வேண்டிய இடம் அது. இனி இந்த வீட்டுக்கு விதைநெல் எங்கிருந்து வரும், காய்ச்சல் கண்டால் யார் வருவார், தகப்பன் வீட்டுப் பட்டியில் இவனுக்குப் பங்கு உண்டா என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள்.

ஒரு வாய் கூடும்போது

வீட்டில் அண்டியிருக்கும் முதியவர் ஒருவர் ஏறக்குறைய எல்லாப் பழைய நாவலிலும் உண்டு. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி' (1929) நாவலில் அவர் இந்திர் என்ற கிழவி, வீட்டுக்காரன் ஹரிஹருக்குத் தூரத்து அக்கா முறை. பிள்ளை துர்காவுக்கு அவள் உயிர். துர்காவின் தாய் சர்வஜயாவுக்கு அவள் ஒரு வாய். கிழவியை விரட்டும் சர்வஜயாவைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதிய விடைத்தாள்கள் ஏராளம். காசு நிரலை நிரப்பிவிட்டு எழுதியிருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும். ஹரிஹருக்கு நிலையான வருமானம் இல்லை, அவர் வீட்டைவிட்டுப் போனால் காசு எப்போது வரும் என்று தெரியாது. பானையில் இருப்பதை அளந்து போடும் பொறுப்பு அவளுடையது. துர்கா காய்ச்சலில் சாகும்போதும் தகப்பன் ஊரில் இல்லை. அவள் செய்தது சரி என்று சொல்லத் தேவையில்லை, எந்தப் பானைக்கு முன்னால் நின்று செய்தாள் என்று சொன்னால் போதும்.

படுக்கை நிரலும் இங்கேதான் உதவும். ஃபானிக்குக் கொடுக்கப்பட்டது மாடியின் உச்சியில் வேலைக்காரிகளின் அறைக்குக் கிட்ட ஒரு சின்ன வெள்ளை அறை. அவள் புழங்கும் கிழக்கு அறையில் நெருப்பு மூட்டக் கூடாது என்று நோரிஸ் சீமாட்டி கட்டளை. ஆங்கிலக் குளிரில் நெருப்பில்லாத அறை என்றால் என்ன என்று வன்னி வெயிலில் இருந்து வாசிப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அடுப்பு சோற்றுக்கு, அங்கே கணப்பு உயிருக்கு. அவள் அந்த வீட்டுப் பிள்ளையா இல்லையா என்ற கேள்விக்கு நெடுங்காலமாக அந்தக் குளிர்ந்த கணப்புத்தான் பதில். சேர் தோமஸ் அதைக் கண்டுபிடித்து, இனி ஒவ்வொரு நாளும் நெருப்பு மூட்ட வேண்டும் என்று சொல்லும் நாள்வரை.

காசும் காணியும்

பவுணை இன்றைய ரூபாவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டாம். எந்தக் கணக்கிலும் வராது. ஒரு நாவலின் தொகையை இன்னொரு தொகையோடு ஒப்பிடுங்கள். ஜேன் ஐயருக்கு ஆசிரியை வேலைக்கு ஆண்டுச் சம்பளம் 30 பவுண், தங்கலும் சாப்பாடும் உண்டு. ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலில் பெனட் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுண். பார்த்தால் பெரிய வசதி. ஆனால் ஐந்து பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளை இல்லை, காணி தகப்பனோடு முடிந்து தூரத்து ஆண் உறவினர் கொலின்ஸுக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது தாய் இறந்த பிறகு தலைக்கு 1,000 பவுண். நாலு வீதம் வட்டி போட்டால் ஆண்டுக்கு 40. ஒரு ஆசிரியைச் சம்பளத்துக்குப் பத்துப் பவுண் கூட, ஆனால் தங்கலும் சாப்பாடும் இல்லை. பெனட் சீமாட்டியின் கலியாணப் பைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆஸ்டினும் சிரிக்கத்தான் சொல்கிறார். இந்த 40ஐத் தெரிந்துகொண்டு சிரிப்பது நல்லது.

காணி ஏன் மகள்மாருக்கு வராது என்ற கேள்விக்கு வன்னியில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. குடியேற்றத் திட்டங்களில் உள்ள பேமிற் (அரச அனுமதிப்பத்திரக்) காணி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருவது. அதை விரும்பியபடி பிள்ளைகளுக்குத் துண்டு போட்டுக் கொடுக்க முடியாது. வழக்கமாக ஒருவரைத்தான் பின்னுரித்தாளராகப் பெயர் குறிப்பார்கள். குறிக்காமல் விட்டால் அட்டவணைப்படி நெடுங்காலம் மகள்மாருக்கு முன்னால் மகன்மார் நின்றார்கள். பெனட்டின் காணியும் துண்டுபடாமல் ஒருவருக்கே போகும் காணிதான், ஆனால் அவருக்குப் பெயர் குறிக்கும் உரிமையே இல்லை. முந்திய தலைமுறை எழுதிவைத்த கட்டு அது. தேசவழமையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவு. 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய அந்த வழமையில் பெண்பிள்ளை சீதனத்தோடு போவாள், முதுசம் (பரம்பரைச் சொத்து) ஆண்பிள்ளைக்கு. பெனட் பிள்ளைகளுக்கு முதுசமும் இல்லை, சேர்த்துவைத்த சீதனமும் இல்லை. ஆண்பிள்ளை பிறப்பான் என்று நம்பித் தகப்பன் மிச்சம் பிடிக்காமல் விட்டதுதான் காரணம் என்று நாவலே சொல்கிறது.

வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள்

வயதை எழுதாமல் விடுவது முதல் பிழை. பிப்பின் கதையில் ஏழு வயதும் பட்டறையில் தொழில் பழக ஒப்பந்தம் எழுதும் வயதும் வேறு வேறு, ஆனால் சொல்கிறவர் ஒரே ஆள், வளர்ந்துவிட்ட பிப். சின்னப் பிள்ளையின் பயமும் பெரியவரின் பகிடியும் ஒரே வசனத்தில் கலந்து வரும். விளிம்பில் அவ்விடத்து வயதைக் குறித்தால் இரண்டையும் பிரிக்கலாம்.

அடிக்கும் கம்பைக் கண்டதும் இன்றைய சட்டத்தை வைத்துத் தீர்ப்பெழுதுவது இன்னொன்று. அந்தக் காலத்தில் அடி வழமை என்பது உண்மை. ஆனால் டிக்கென்ஸும் ஷார்லட் பிராண்டேயும் அதை வழமை என்று விட்டுவிடவில்லை, அடிபட்ட பிள்ளையின் வாயால் சொல்ல வைத்தார்கள். புதுமை அங்கே இருக்கிறது. யார் அடிக்கிறார் என்பதோடு யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றும் குறியுங்கள்.

வேலைக்காரரைச் சாமான் போல விட்டுவிடுவது மூன்றாவது. இவர்களைப் பற்றி மேலே போதுமான அளவு சொல்லியாயிற்று.

எந்த நூலில் தொடங்குவது என்றால், நாலு பேர் கூடி வாசிப்பதாக இருந்தால் 'நிலக்கிளி'யில் தொடங்குங்கள். இடமும் பேச்சும் தெரிந்தவை, ஆட்கள் குறைவு, ஒரே மாலையில் அட்டை நிரம்பிவிடும். அடுத்தது பிப்பின் வீடு. 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' மூன்றாவதாக வரட்டும், முறை நிரலை ஒருவர் எழுத மற்றவர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். 'அன்னா கரீனினா'வுக்கு ஒரு தாள் போதாது. ரஷ்யப் பெயர்களில் ஒரே ஆளுக்கு மூன்று அழைப்பு இருக்கும், ஒவ்வொன்றையும் பெயர் நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். டொலியை மரியாதையாக அழைக்கும் பெயர் தார்யா அலெக்சாந்ரோவ்னா. அவளை இரண்டு ஆளாகப் பதிந்துவிட்டால் பிள்ளைகளும் இரட்டிக்கும்.